பாப்பராசி குறும்படத்துல இயக்குநர் யார் பக்கம்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுல இத்தாலியில எடுத்த படங்களைப் பத்திப் பேசும்போது, காப்ரித் தீவுல எடுத்த ஒரு சின்ன ஆவணப்படத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டேன். அதைத் தேடிப்பிடிச்சுப் பார்த்துட்டு ஒரு நேயர் எழுதியிருக்காங்க. கேள்வி நல்லா இருக்கு, அதனால முழுசாவே படிச்சிடறேன்.

"ஜாக் ரோசியேவோட 'பாப்பராசி' பார்த்தேன். பிரிஜித் பார்தோவைப் படம் எடுக்கறதுக்காகப் பாறை மேல ஏறிக் காத்துக் கிடக்கிற போட்டோகிராஃபர்களைக் காட்டுறாரு. அவங்களைக் குறை சொல்றாரா, இல்ல அவங்க பொழைப்பைப் பார்த்துப் பரிதாபப்படறாரா? ரோசியே யார் பக்கம்? ரெண்டாவது, அவரும் கேமராவைத் தூக்கிக்கிட்டு பார்தோ பின்னாலதானே போறாரு, அப்புறம் அவருக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? மூணாவது, புகழ் வேணும்னு சினிமாவுக்கு வந்துட்டு, அப்புறம் என்னைப் படம் எடுக்காதேன்னா அதுல என்ன நியாயம்?"

மூணு கேள்வி. ஒண்ணை இழுத்தா மத்த ரெண்டும் கூடவே வரும், அதனால வரிசையா இல்லாம கலந்துதான் சொல்லப்போறேன்.

படம் பார்க்காதவங்களுக்காக முதல்ல கொஞ்சம் பின்னணி. பாப்பராசின்னா, புகழ்பெற்றவங்களைத் துரத்திப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு விக்கிற போட்டோகிராஃபர்கள். 1963. பிரெஞ்சு இயக்குநர் ழான் லூக் கோதார், அல்பெர்த்தோ மொராவியா 1954-ல எழுதின ஒரு இத்தாலிய நாவலைப் படமா எடுக்கிறாரு. பேரு 'லெ மெப்ரி'. தமிழ்ல 'இகழ்ச்சி'ன்னு சொல்லலாம். கதாநாயகி பிரிஜித் பார்தோ. அப்போ அவங்களுக்கு 28 வயசு. அந்தக் காலத்துல பிரான்ஸ்ல அவங்க முகம் வராத பத்திரிகையே இல்லைங்கிற அளவுக்குப் பேரு. கதையோட கடைசிப் பகுதி காப்ரியில நடக்குது, நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கிற சின்னத் தீவு. யூனிட் அங்க போகும்போது கோதாரோட நண்பர் ரோசியேயும் போறாரு. 'அதியூ ஃபிலிப்பின்'னு ஒரே ஒரு முழுநீளப் படம்தான் அதுவரைக்கும் எடுத்திருந்தாரு. அந்தப் படத்துக்கே தயாரிப்பாளரை அறிமுகம் செஞ்சுவெச்சது கோதார்தான். அந்த நட்புல, படப்பிடிப்பு நடக்கிற இடத்துலயே இருந்து ரெண்டு குறும்படம் எடுத்தாரு. ஒண்ணு கோதார் வேலை செய்யற விதத்தைப் பத்தினது. இன்னொண்ணு நாம பேசுற 'பாப்பராசி'. கறுப்பு வெள்ளை, சுமார் 20 நிமிஷம்.

இப்ப யார் பக்கம்ங்கிறதுக்கு வர்றேன். என் பார்வையில ரோசியே பார்தோ பக்கம்தான். ஆனா அதை வாய் திறந்து சொல்லமாட்டாரு. அவர் செஞ்சது வேற. ஒரு பக்கம் பார்தோ, ஒரு பக்கம் பாறையில தொத்திக்கிட்டிருக்கிற ஆளுங்க, இன்னொரு பக்கம் குவியல் குவியலா பத்திரிகை அட்டைகள். இந்த மூணையும் மாத்தி மாத்திக் காட்டுறாரு. இதுல மூணாவதைத்தான் நிறைய பேர் கவனிக்காம விட்டுடறாங்க. பாறையில நிக்கிறவன் தானா வந்து நிக்கலை. அந்த அட்டைதான் அவனை அங்க அனுப்பியிருக்கு. அந்த அட்டையைக் காசு குடுத்து வாங்கின கை ஒண்ணு இருக்கு. படத்துல அந்தக் கையைக் காட்டவேண்டிய அவசியமே இல்லை, பார்த்துக்கிட்டிருக்கிற நாமதான் அது.

இதை இன்னும் கொஞ்சம் விளக்கணும்னா காப்ரியில கோதார் படம் எடுத்த வீட்டைப் பத்திச் சொல்லியாகணும். காசா மலபார்த்தே. குர்ட்சியோ மலபார்த்தேங்கிற எழுத்தாளருக்காக 1930-களோட கடைசியில கட்ட ஆரம்பிச்ச வீடு. காப்ரியோட கிழக்குக் கரையில, கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு பாறை மேல நிக்குது. செங்காவி நிறம். வண்டிப் பாதை கிடையாது. கால்நடையாப் போகணும், இல்லேன்னா படகுல போகணும். வீட்டோட ஒரு முனையில ஒரு படிக்கட்டு, கீழ ஒடுக்கமா ஆரம்பிச்சு மேல போகப்போக விரிஞ்சுக்கிட்டே போகும். ஏறி முடிச்சா மொட்டை மாடி. சுத்திக் கைப்பிடிச் சுவரே கிடையாது. வளைஞ்ச மாதிரி ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் காத்துக்கு மறைப்பா நிக்கும்.

கேக்கறப்ப, அடடா, இதைவிட ஒதுக்குப்புறமா ஒரு இடம் கிடைக்குமான்னு தோணும். ஆனா போட்டோகிராஃபர் கண்ணால பாருங்க. மூணு பக்கம் கடல், அதுல எங்க வேணாலும் படகை நிறுத்தலாம், கடலை யாரும் பூட்டிவைக்க முடியாது. நாலாவது பக்கம் வீட்டைவிட உயரமான மலைச்சரிவு. அங்க ஒரு புதருக்குப் பின்னால உக்காந்தா, அந்த மாடி தாம்பாளத்துல எடுத்துவெச்ச மாதிரி முன்னால கிடக்கும். யாரும் கிட்ட வர முடியாத இடம்தான். ஆனா தூரத்துல இருந்து எல்லாரும் பார்க்கக்கூடிய இடம். உலகத்துலயே அதிகமா விரட்டப்பட்ட பொண்ணை அந்த மாடியில கொண்டுபோய் நிறுத்துறாங்க.

இங்க ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டறேன். எனக்கு இந்த விஷயத்துல கண்ணைத் திறந்ததே இந்தக் கணக்குதான். தூரத்துல இருக்கிறதைப் பெருசாக் காட்டுற டெலி லென்ஸ், 500 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். படத்துல வர்றவங்க கையில இருந்தது அதேதான்னு நான் சொல்லலை, கணக்குக்கு ஒரு அளவு வேணும்ல. பாறைக்கும் மாடிக்கும் நடுவுல 200 மீட்டர் தூரம்னு வெச்சுக்குவோம். அப்போ ஒரு ஆள் நின்னுக்கிட்டிருந்தா, ஃபிலிம் மேல அவங்க உருவம் எவ்வளவு உயரம் விழும் தெரியுமா? சுமார் 4 மில்லிமீட்டர். 35 எம்எம் ஃபிலிமோட ஒரு பிரேம் 24 மில்லிமீட்டர் உயரம், அதுல ஆறுல ஒரு பங்கு. ஒரு பெரிய அரிசி மணியைவிடச் சின்னது. அதுக்குள்ள முகம்னு பார்த்தா ஊசிமுனை அளவுதான் இருக்கும்.

அந்த 4 மில்லிமீட்டரைப் பத்திரிகைப் பக்கத்துல 12 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெருசு பண்ணணும்னா 30 மடங்கு. பெருசு பண்ணப்பண்ண ஃபிலிமோட கிரெயின், அதாவது அதுல இருக்கிற பொடிப் புள்ளிகள், மணல் மாதிரி பொரிஞ்சு வெளிய வரும். அதோட கடல்காத்துல லென்ஸ் ஆடும். வெயில் ஏறினா பாறையில இருந்து கிளம்புற அனல்ல காட்சியே நெளியும். அப்படி இப்படின்னு கடைசியில கையில கிடைக்கிறது கலங்கலா ஒரு படம். கண்ணு எது மூக்கு எதுன்னே தெரியாது.

அந்தக் கலங்கல் படத்தை ஏன் காசு குடுத்து வாங்குறாங்க? பார்தோவோட தெளிவான படத்துக்குப் பஞ்சமா என்ன? ஸ்டுடியோவுல, நல்ல வெளிச்சத்துல, அவங்களே நின்னு சிரிச்சுக் குடுத்த படங்கள் ஆயிரக்கணக்குல இருந்துச்சு. படத் தயாரிப்புக் கம்பெனியே ஸ்டில்ஸ் எடுத்துப் பத்திரிகைகளுக்குத் தரும், பைசா செலவில்லாம. அதை வேண்டாம்னு ஒதுக்கிட்டு இந்த மணல் மணலா இருக்கிறதை வாங்குறாங்கன்னா, அந்த மணலுக்குத்தான் மதிப்பு. இது அவங்க குடுத்தது இல்லைங்கிறதுக்கு அந்தக் கிரெயின்தான் சாட்சி. அவங்க மாட்டேன்னு சொன்னதுனாலதான் அதுக்கு விலை வருது. நாளைக்கே பார்தோ அந்த மலைச்சரிவுக்கு நடந்துபோய், வாங்கப்பா, எல்லாரும் பக்கத்துல வந்து எடுத்துக்குங்கன்னு சொல்லியிருந்தா, அந்தப் படத்துக்கு விலை பாதியாயிருக்கும்.

கேள்வி கேட்ட நேயருக்கு நான் முக்கியமாச் சொல்ல வந்தது இதுதான். மறுப்பைத்தான் அங்க விக்கிறாங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டா உங்களோட மூணு கேள்விக்கும் வழி கிடைக்கும்.

முதல்ல அந்த ஆளுங்களைப் பத்திப் பேசுவோம், ஏன்னா ரோசியே அவங்களை அரக்கர்களாக் காட்டலை, அதை நான் மதிக்கிறேன். இந்த வேலை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். 1950-கள்ல ரோம் நகரத்துல சினெசித்தா ஸ்டுடியோவுல அமெரிக்கப் படங்கள் வரிசையா எடுத்தாங்க. நடிகர் நடிகைகள் சாயங்காலமானா வியா வெனெதோங்கிற தெருவுல காப்பிக்கடை, ஹோட்டல்னு உக்காருவாங்க. போர் முடிஞ்சு வேலையில்லாம இருந்த இளைஞர்கள் பலபேர் கேமராவை எடுத்துக்கிட்டு அந்தத் தெருவுக்கு வந்தாங்க. மாசச் சம்பளம் கிடையாது. படம் வித்தா சாப்பாடு, விக்கலைன்னா பட்டினி. சும்மா நடந்து போற நடிகரோட படத்தை யார் வாங்குவா? அதே நடிகர் கோபத்துல கையை ஓங்கினா அது பத்து மடங்கு விலைக்குப் போகும். அதனால மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சுக் கோபத்தை வரவழைச்சாங்க. ஒருத்தன் சீண்டுவான், இன்னொருத்தன் எடுப்பான், ஸ்கூட்டர்ல பறந்துடுவாங்க.

அதுல பேர் வாங்கினவரு தாட்சியோ செக்கியாரோலி. 1958 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரியில எகிப்தோட முன்னாள் மன்னர் ஃபாரூக் பாய்ஞ்சு வந்த படம், நடிகை ஆவா கார்ட்னரோட இருந்த நடிகர் ஆத்திரப்பட்ட படம்னு அவரும் அவர் கூட்டாளிகளும் எடுத்தது பெரிய பரபரப்பாச்சு. இத்தாலிய இயக்குநர் ஃபெலினி அவரைக் கூப்பிட்டு உக்காரவெச்சு அந்தக் கதையெல்லாம் கேட்டாரு. 1960-ல வந்த 'லா டோல்ச்சே வீட்டா' படத்துல கதாநாயகனோட சுத்துற போட்டோகிராஃபர் பாத்திரத்துக்கு பாப்பராட்சோன்னு பேர் வெச்சாரு. அந்தப் பேரு, ஜார்ஜ் கிஸ்ஸிங்ங்கிற ஆங்கில எழுத்தாளர் தென் இத்தாலியைப் பத்தி எழுதின பயண நூல்ல வர்ற ஒரு ஹோட்டல்காரரோட பேருன்னு, ஃபெலினியோட சேர்ந்து கதை எழுதின எனியோ ஃப்ளயானோ சொல்லியிருக்காரு. ஒருத்தர்னா பாப்பராட்சோ, பலபேர்னா பாப்பராசி. ரோசியே படம் எடுக்கிறப்ப அந்த வார்த்தைக்கு மூணு வயசுதான். இன்னைக்கு உலகத்துல எந்த மொழியில சொன்னாலும் புரியுது.

சரி, அதைவிட முக்கியமான ஒண்ணு. செக்கியாரோலி பிற்பாடு என்ன ஆனாரு தெரியுமா? ஃபெலினியோட படப்பிடிப்புகள்ல அனுமதியோட படம் எடுக்கிறவரா ஆனாரு. நடிகை சோஃபியா லோரனுக்குப் பல வருஷம் நம்பிக்கையான போட்டோகிராஃபரா இருந்தாரு. அதே மனுஷன், அதே கை, அதே கண்ணு. தெருவுல துரத்தினப்ப ஒரு மாதிரி, கதவைத் திறந்து உள்ள கூப்பிட்டதும் இன்னொரு மாதிரி. உங்களோட ரெண்டாவது கேள்விக்குப் பதில் அந்த மனுஷனோட வாழ்க்கையிலேயே இருக்கு.

ரோசியே கேமராவும் பார்தோவைத் தொடருது, உண்மை. ஆனா அந்தக் கேமரா அங்க இருக்குன்னு பார்தோவுக்குத் தெரியும். யார் கையில இருக்குன்னு தெரியும். பிடிக்கலைன்னா, போதும் ஜாக், நிறுத்துன்னு சொல்ற தூரத்துல அந்த ஆள் நிக்கிறாரு. மலைச்சரிவுல புதருக்குப் பின்னால இருக்கிறவன்கிட்ட அதைச் சொல்ல முடியாது, அவன் இருக்கிறதே தெரியாதே. உத்துப் பார்க்கிறது ரெண்டு பேரும்தான், அதுல உங்க சந்தேகம் நியாயமானது. ஆனா ஒருத்தர்கிட்ட 'வேண்டாம்'னு சொல்ல வாய்ப்பு இருக்கு. இன்னொருத்தர்கிட்ட அந்த வாய்ப்பையே பறிச்சாச்சு, பறிச்சாத்தான் அவருக்கு வியாபாரம்.

இதுக்காக உள்ள இருந்தவங்க எல்லாரும் உத்தமர்கள்னு நான் சொல்லவரலை. அதையும் பேசியே ஆகணும். 'லெ மெப்ரி'க்கு ஆன செலவுல ஒரு பெரிய பங்கு பார்தோவோட சம்பளம். அவ்வளவு பணம் போட்டவங்களுக்கு அதுக்குத் தகுந்த வரவு வேணும். படம் எடுத்து முடிச்சதும் பார்த்த அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜோசப் லெவின் தரப்பு, என்னய்யா இது, பார்தோவை வெச்சுக்கிட்டு அவங்க உடம்பைக் காட்டவே இல்லையேன்னு சண்டைக்கு நின்னுச்சு. அதுக்கு அப்புறம் எடுத்துச் சேர்த்ததுதான் படத்தோட ஆரம்பத்துல வர்ற படுக்கையறைக் காட்சி. சிவப்பு, வெள்ளை, நீலம்னு வெளிச்சம் மாறுமே, அது. இப்ப யோசிச்சுப் பாருங்க. மலைச்சரிவுல வெயில்ல கருகிக்கிட்டிருந்தவன் எதைத் தேடினானோ, அதையேதான் கோட்டு சூட்டு போட்டு ஒப்பந்தம் எழுதினவரும் கேட்டாரு.

அந்தப் படத்தோட கதையே அதுதான்ங்கிறதுதான் எனக்கு மனசை அறுக்கும். மிஷெல் பிக்கோலி நடிச்ச அந்தக் கதாசிரியன், தயாரிப்பாளரோட சிவப்புக் கார்ல நீ ஏறிப்போன்னு பொண்டாட்டியை அனுப்பிவைக்கிறான். பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனா தன்னை ஒரு சரக்கு மாதிரி தள்ளிவிட்டான்ங்கிறது அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுடுது. அந்த நிமிஷத்துல இருந்து அவன்மேல இருந்த மரியாதை போயிடுது. திரையில அந்தப் பொண்ணா நடிச்ச பார்தோவை, படம் பிடிக்காத நேரத்துல, திரைக்கு வெளியே, அதே மாதிரி ஒரு சரக்காப் பார்க்கிற ஆளுங்க சுத்தி நிக்கிறாங்க. இந்த ரெண்டுக்கும் இருக்கிற ஒற்றுமை, கோதார் படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல பார்க்கும்போது நமக்கே விளங்கிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். முதல் தடவை இந்தக் குறும்படத்தைப் பார்த்தப்ப, பாறையில இருந்து தூரத்துல ஒரு உருவம் அசையற மாதிரி ஒரு இடம் வந்துச்சு. என்னை அறியாம நாற்காலியில முன்னால சாய்ஞ்சு, யாரு, பார்தோவான்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பார்த்த அடுத்த நொடியே உறுத்திச்சு. அந்த ஆளுங்களைப் பார்த்து முகம் சுளிச்சுக்கிட்டிருந்த நான், அவங்க கண்ணைக் கடன் வாங்கித்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகலை. அதனாலதான் இந்த 20 நிமிஷப் படத்தைப் பத்தி இவ்வளவு நேரம் பேசறேன்.

இப்ப மூணாவது கேள்வி. இதைத்தான் பலபேர் கேக்கறாங்க, கொஞ்சம் கோபமாவும் கேக்கறாங்க. புகழ் வேணும்னு வந்தவங்க இதையும் சேர்த்துத்தானே வாங்கிக்கணும்?

நான் ஒத்துக்கலை. காரணத்தைச் சொல்றேன். 1960 ஜனவரியில பார்தோவுக்குக் குழந்தை பிறக்கிற நேரம். பாரிஸ்ல அவங்க குடியிருந்த கட்டடத்தைச் சுத்திப் பத்திரிகைக்காரங்களும் போட்டோகிராஃபர்களும் முற்றுகை போட்ட மாதிரி நின்னாங்க. வெளிய காலெடுத்து வைக்க முடியலை. மாசமா இருக்கிற ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாம, பிரசவத்துக்கு வேண்டிய ஏற்பாட்டையெல்லாம் வீட்டுக்குள்ளயே செய்யவெச்சு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கிட்டுக் குழந்தை பெத்தாங்க. 25 வயசு. இதையும் சினிமாவுக்கு வந்தப்பவே ஒப்புக்கிட்டாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? நடிக்கிறேன்னு சொன்னதுக்கு அர்த்தம், கேமராவுக்கு முன்னால நிக்கிற நேரத்துல என்னைப் பாருங்கங்கிறதுதான். மீதி நேரத்தையும் எழுதிக்குடுத்த மாதிரி எடுத்துக்கிட்டா அது யாருக்கும் பொறுக்காது.

இதை நான் மட்டும் சொல்லலை, பிரெஞ்சு நீதிமன்றமே ரொம்ப காலமாச் சொல்லிக்கிட்டிருக்கு. 1858-ல ராஷேல்னு அந்தக் காலத்துல ரொம்பப் புகழ்பெற்ற நாடக நடிகை இறந்துபோனாங்க. மரணப் படுக்கையில அவங்களை எடுத்த படத்தை வெச்சு யாரோ வரைஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. அவங்க தங்கச்சி வழக்குப் போட்டாங்க. எவ்வளவு பேர்பெற்றவங்களா இருந்தாலும் சரி, குடும்பத்தோட சம்மதம் இல்லாம ஒருத்தரோட மரணப் படுக்கை முகத்தை வெளியிடக் கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. பாருங்க, கேமராவே கைக்குழந்தையா இருந்த காலம். அப்பவே வழக்கு வந்துடுச்சு, அப்பவும் ஒரு நடிகையைப் பத்தித்தான்.

காப்ரி படப்பிடிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷத்துல, 1965-ல, பார்தோவே பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனாங்க. அவங்க வீட்டு வளாகத்துக்குள்ள இருந்ததை டெலி லென்ஸ் வெச்சுத் தூரத்துல இருந்து எடுத்த படங்களைப் பத்தின வழக்கு. தொழில் சம்பந்தமா வெளியில வரும்போது எடுக்கிற படத்துக்கு நடிகைங்க சம்மதம் இருக்குன்னு எடுத்துக்கலாம், வீட்டுக்குள்ள இருக்கிறதுக்கு அப்படி எடுத்துக்க முடியாதுன்னு கோடு போட்டாங்க. அப்புறம் 1970-ல சட்டமாவே வந்துச்சு. பிரெஞ்சு சிவில் சட்டத்தோட 9-வது பிரிவு, ஒவ்வொருத்தருக்கும் தன்னோட அந்தரங்க வாழ்க்கை மதிக்கப்படற உரிமை உண்டுன்னு ஒரே வரியில சொல்லுது. ஒவ்வொருத்தருக்கும்னுதான் இருக்கு. நடிகர் நடிகைகள் நீங்கலாகன்னு அதுல எழுதலை.

அமெரிக்காவுல வேற மாதிரி போனாங்க. ரான் கலெல்லான்னு ஒரு போட்டோகிராஃபர், அதிபர் கென்னடியோட மனைவியா இருந்த ஜாக்குலினை விடாமத் துரத்தினதுக்கு, 1973-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் 25 அடி தள்ளி நில்லுன்னு சொல்லிச்சு. நல்ல எண்ணத்துல சொன்னதுதான். ஆனா நான் போட்ட கணக்கை ஞாபகம் வெச்சுக்குங்க. 200 மீட்டர்ல இருந்து ஒருத்தரைப் பிடிக்கிற லென்ஸ் இருக்கிறப்ப 25 அடிங்கிறது உடம்பைக் காப்பாத்தும், அந்தரங்கத்தைக் காப்பாத்தாது. 1997-ல இளவரசி டயானா பாரிஸ் சுரங்கப் பாதை விபத்துல இறந்ததுக்கு அப்புறம்தான், அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் வந்துச்சு. காம்பவுண்டுக்குள்ள காலே வைக்காம, தூரத்துல இருந்து கருவி வெச்சு அந்தரங்கத்தைப் பிடிச்சாலும் அது அத்துமீறல்தான்னு அதுல எழுதினாங்க. லென்ஸும் ஒரு கால் மாதிரிதான், வேலியைத் தாண்டும்னு சட்டம் ஒத்துக்கறதுக்கு அத்தனை வருஷம் ஆச்சு. ரோசியே 1963-லயே அதைப் பாறை மேல நின்னு காட்டிட்டாரு.

அப்போ அந்தப் போட்டோகிராஃபர்கள் மேல எனக்கு என்ன எண்ணம்? கஷ்டப்படறவங்கதான். வெயில்ல காயறாங்க, பாறையில முட்டி உரசுது, நாள் முழுக்க உக்காந்தும் வெறுங்கையோட போறாங்க. அந்தப் பாட்டை ரோசியே மறைக்கலை, அது நேர்மை. ஆனா ஒரு வேலை கஷ்டமா இருக்குங்கிறதுனால அது சரியான வேலைன்னு ஆயிடாது. அவங்களைப் பார்த்துப் பரிதாபப்படலாம், அதுக்காக அவங்க செஞ்சதை ஒத்துக்கணும்னு இல்லை. படம் ரெண்டுக்கும் இடம் குடுக்குது. உங்களுக்கு யார் பக்கம்னு குழப்பம் வந்ததுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

கடைசியா, எதை முதல்ல பார்க்கணும்னும் ஒருத்தர் கீழ கேட்டிருந்தாங்க. கோதார் படத்தை முதல்ல பாருங்க, அப்புறம் இதை. இதை முடிச்சதும் மறுபடி கோதார் படத்துல மொட்டை மாடியில பார்தோ குப்புறப் படுத்து வெயில் காயற காட்சிக்குப் போங்க. எவ்வளவு அமைதியா இருக்கும் அந்த இடம், கடலும் வானமுமா, அவங்க தனியா இருக்கிற மாதிரி. அப்போ அவங்களைப் பார்க்காம, அந்த வீட்டைச் சுத்தியிருக்கிற பாறைகளைப் பாருங்க.